சீசனில் காத்தாடி நின்றால் அந்த நஷ்டம் யார் கணக்கில்?

தோவாளைத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: “ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓடும் காற்றாலைகளில் எங்கள் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. காற்று நன்றாக வீசும் ஆனி, ஆடியில் லைன் வேலை என்று, எங்கள் மின்சாரத்தைச் சுமக்கும் ஃபீடர் லைனை நிறுத்துகிறார்கள். உற்பத்தி போய்விடுகிறது. அதே நாளுக்கு, சொன்ன அளவு மின்சாரம் கொடுக்கவில்லை என்று பல மாதம் கழித்து விலகல் கட்டணமும் வருகிறது. மின் சந்தை விதிகளை மாற்றப்போகிறோம் என்று அடிக்கடி பேசுகிறார்கள். அதில் எங்களுக்கு உண்மையில் எது முக்கியம்?”

துணை மின்நிலையத்திலும், மாநிலத்தின் மின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எல்.டி. சென்டரிலும் (லோட் டிஸ்பாட்ச் சென்டர்) வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மின் சந்தையில் பணத்தைத் தீர்க்கும் விதிகள் ஒரு புத்தகத்தில் இருக்கின்றன. இயந்திரத்தையும் லைனையும் எப்போது நிறுத்தலாம் என்ற விதிகள் வேறொரு புத்தகத்தில் இருக்கின்றன. இரண்டையும் தனித்தனியாக எத்தனை முறை திருத்தினாலும் உங்கள் பிரச்சினை தீராது. ஒரு நிறுத்தத்துக்கு அனுமதி கொடுக்கும் அந்த நிமிடத்திலேயே அதன் செலவு யாருக்கு என்பதும் பதிவாக வேண்டும். இன்று அது பதிவாவதில்லை.

கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 பிளாக்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிளாக்குக்கும் இவ்வளவு கொடுப்பேன் என்று உற்பத்தியாளரும், இவ்வளவு எடுப்பேன் என்று வாங்குபவரும் முன்கூட்டியே ஷெட்யூல் கொடுக்க வேண்டும். மீட்டர் காட்டுவதற்கும் ஷெட்யூலுக்கும் உள்ள வித்தியாசம்தான் விலகல். அந்த விலகலுக்கு ஒரு விலை உண்டு. நம் நாட்டில் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னமும் நீண்டகால ஒப்பந்தங்களில்தான் கைமாறுகிறது. மின்சாரத்தை வாங்கி விற்கும் சந்தையான எக்ஸ்சேஞ்சில் விற்பது சிறு பங்கு. ஆனாலும் ஒப்பந்தமோ எக்ஸ்சேஞ்சோ, எந்த வழியில் விற்றாலும் கடைசியில் இந்த விலகல் கணக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால்தான் இதை மொத்தச் சந்தையின் முதுகெலும்பு என்கிறேன்.

தென்மாநிலங்களுக்கு இந்த முறை வந்தது 2003 ஜனவரி 1ஆம் தேதி. அதற்கு முன் தென்னக மின்தொகுப்பின் ஃப்ரீக்வென்சி (உற்பத்தியும் தேவையும் சமமாக இருக்கிறதா என்று காட்டும் அளவு) 50 ஹெர்ட்ஸில் நிற்காது. 48 வரை இறங்கிய காலத்தைப் பழைய ஆட்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பற்றாக்குறை நேரத்தில் அதிகமாக உறிஞ்சுகிறவர் அதிக விலை கொடுக்க வேண்டும், அதே நேரத்தில் கூடுதலாகக் கொடுத்து உதவுகிறவருக்கு நல்ல விலை கிடைக்கும் என்று ஃப்ரீக்வென்சியோடு விலையைக் கட்டினார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் சுவரில் உள்ள மீட்டரைப் பார்த்தே இப்போது என்ன விலை என்று சொல்லிவிடலாம். யாரையும் கேட்க வேண்டாம், பில் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பணம் தீர்க்கும் ஒரு நல்ல விதிக்கு இருக்க வேண்டிய குணம் இதுதான்: முடிவெடுக்கும் நேரத்திலேயே விலை தெரிய வேண்டும்.

2014 பிப்ரவரியில் அது இன்றைய டி.எஸ்.எம். (விலகல் தீர்வு) முறையாக மாறியது, அப்போதும் ஃப்ரீக்வென்சித் தொடர்பு இருந்தது. 2022 டிசம்பரில் வந்த புதிய ஒழுங்குமுறை அந்தத் தொடர்பை அறுத்து, விலையை எக்ஸ்சேஞ்ச் விலைகளோடு கட்டியது. காகிதத்தில் அது முறையான யோசனைதான். ஷெட்யூல்படி நடப்பதே ஒழுக்கம், ஃப்ரீக்வென்சியைச் சரிசெய்யத் தனியாக உபசேவைகள் இருக்கின்றன என்று நினைத்தார்கள். ஆனால் அந்த உபசேவைகள் முழுதாக வளர்வதற்கு முன்பே கைத்தடியைப் பிடுங்கிவிட்டார்கள். பற்றாக்குறை நேரத்தில் கூடுதலாகக் கொடுத்தாலும் பலன் இல்லை என்றால் யார் கொடுப்பார்? சில வாரங்களிலேயே மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் திருத்த உத்தரவுகள் போட வேண்டி வந்தது. 2024 செப்டம்பர் 16 முதல் அமலுக்கு வந்த ஒழுங்குமுறையில் ஃப்ரீக்வென்சி மீண்டும் விலைக்குள் வந்துவிட்டது. நான் இதை இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் உண்டு. விலகல் எல்லாமே குற்றம் அல்ல. தொகுப்பு தள்ளாடும்போது தாங்கிப் பிடித்த விலகலையும் தள்ளிவிட்ட விலகலையும் ஒரே தண்டனையில் அடைத்தால் தொகுப்புக்குத்தான் கேடு. மாநிலத்துக்குள் உள்ள விதிகளைத் திருத்தும்போதும் இந்தப் பாடத்தை மறக்கக் கூடாது.

இனி நிறுத்தத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் மின் ஆண்டு விசித்திரமானது. மாநிலத்தின் உச்ச தேவை கோடையில் வருகிறது. 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட் தொட்டது. அதன் பிறகு மே கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டை, பாலக்காடு வழியாக உள்ளே நுழைகிறது. முப்பந்தலில் நிற்க முடியாத அளவுக்கு வீசும் அந்த நான்கு மாதக் காற்று சீசனில்தான் காற்றாலைகளின் ஆண்டு உற்பத்தியில் பெரும்பங்கு கிடைக்கிறது. நல்ல காற்று வீசும் நாட்களில் மாநிலம் முழுக்க ஒரு நாளைக்குப் பத்துக் கோடி யூனிட்டைத் தாண்டும். ஆகவே அனல் மின்நிலையங்களின் பெரிய பராமரிப்பு சீசனுக்குள் வர வேண்டும்; காற்றாலைகளின் பராமரிப்பும் அவற்றின் மின்சாரத்தைச் சுமக்கும் லைன், டிரான்ஸ்ஃபார்மர், பிரேக்கர் பராமரிப்பும் சீசனுக்கு முன்பே, தை முதல் சித்திரைக்குள் முடிய வேண்டும். பேச்சிப்பாறை அணையை ஜூனில் கன்னிப்பூ சாகுபடிக்குத் திறந்த பிறகு சானலைத் தூர்வாரப் போனால் கடைமடைக்காரர் என்ன சொல்வார் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பெரிய நிலையங்களுக்கும் உயர் அழுத்த லைன்களுக்கும் இந்த ஒழுங்கு ஓரளவு இருக்கிறது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மின்தொகுப்பு நெறிமுறைப்படி ஆண்டு நிறுத்தத் திட்டம் நிதியாண்டு தொடங்குமுன்பே தயாராக வேண்டும். பெங்களூரில் உள்ள தென்மண்டல மின்குழு மாதந்தோறும் உட்கார்ந்து அதைச் சரிபார்க்கிறது. நிறுத்தும் நாளில் எல்.டி. சென்டரில் கோட் நம்பர் என்ற அனுமதி எண் வாங்காமல் ஒரு பிரேக்கரையும் திறந்து லைனைத் துண்டிக்க முடியாது. பக்கத்துக் கூடங்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓடும் ஒரு யூனிட் 1000 மெகாவாட். எரிபொருள் மாற்ற நிறுத்துவது முன்பே தெரிந்த சங்கதி, அதற்கேற்ப எல்லோரும் திட்டமிடலாம். அதே யூனிட் திடீரென ட்ரிப் ஆனால் அடுத்த விநாடியே ஃப்ரீக்வென்சி இறங்கும், அடுத்த பிளாக்குகளில் சந்தையில் வாங்க ஓட வேண்டும். நின்றுபோன மெகாவாட் இரண்டிலும் ஒன்றுதான். முன்னறிவிப்பு இருந்ததா இல்லையா என்பதில்தான் விலை மாறுகிறது. நல்ல விதி இந்த வித்தியாசத்தைப் பணமாக்கிக் காட்டும். மத்திய ஆணையத்தின் 2019 கட்டண ஒழுங்குமுறை அனல் நிலையங்களுக்கு அதைச் செய்தது. தேவை அதிகமுள்ள மூன்று மாதங்களையும் மற்ற ஒன்பது மாதங்களையும் பிரித்து, ஒரு பருவத்தில் தயார்நிலையில் இல்லாமல் இழந்த நிலைக்கட்டணத்தை இன்னொரு பருவத்தில் ஓடி ஈடுகட்ட முடியாது என்றது. அதன் பிறகு உச்சக் கோடையில் ஓவர்ஹால் வைக்க எந்த நிலையப் பொறியாளரும் இருமுறை யோசிப்பார்.

ஆனால் இந்த ஒழுங்கு 110 கிலோவோல்ட்டுக்குக் கீழே வரும்போது கரைந்துவிடுகிறது. உங்கள் காத்தாடி தொங்குவது 11 அல்லது 33 கிலோவோல்ட் ஃபீடரில். அங்கே எல்.சி. (லைன் கிளியர், அதாவது நிறுத்திய லைனில் வேலை செய்ய அனுமதி) கேட்டு, கொடுத்து, வேலை முடிந்து திருப்பிய விவரம் எல்லாம் துணை மின்நிலையத்தின் பதிவேட்டில் கையால் எழுதப்படுகிறது. அந்தப் பதிவேடும் விலகல் கணக்கு போடும் கணினியும் சந்திப்பதே இல்லை. உங்கள் துயரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 மெகாவாட் காற்றாலைகள் உள்ள ஒரு ஃபீடர். ஆடி மாதத்தில் 70 விழுக்காடு திறனில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு மணி நேரம் நிறுத்தினால் போவது 42,000 யூனிட். யூனிட்டுக்கு மூன்று ரூபாய் என்று வைத்தாலும் 1,26,000 ரூபாய். இதே வேலையை மாசியில், காற்று ஐந்து விழுக்காடு மட்டும் தரும் நாளில் செய்தால் போவது 3,000 யூனிட், 9,000 ரூபாய். வேலையும் ஆட்களும் ஒன்றுதான், நஷ்டம் மட்டும் பதினான்கு மடங்கு. இந்த 1,17,000 ரூபாய் வித்தியாசம் நாளைத் தேர்ந்தெடுத்தவர் மேசைக்கு வருவதே இல்லை. அதனால் அவர் தவறானவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ஆட்கள் கிடைத்த நாள், சாமான் வந்து சேர்ந்த நாள், காண்டிராக்டர் ஒத்துக்கொண்ட நாள் அதுவாக இருந்திருக்கும். அவர் கண்ணுக்குத் தெரியாத செலவை அவர் மிச்சப்படுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இரண்டாவது அடி விலகல் கட்டணம். காற்றாலை, சூரியசக்திக்கான முன்கணிப்பு, ஷெட்யூல், விலகல் தீர்வு பற்றி தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. பல காற்றாலைகளின் மின்சாரம் ஒன்றுசேரும் பூலிங் நிலைய அளவில் கியூ.சி.ஏ. என்ற ஒருங்கிணைப்பாளர் எல்லோருக்கும் சேர்த்து ஷெட்யூல் கொடுப்பார். பிழையை ஷெட்யூலோடு ஒப்பிடாமல் தயார்நிலைத் திறனோடு, அதாவது ஓடத் தயாராக உள்ள இயந்திரங்களின் மொத்தத் திறனோடு, ஒப்பிடுவார்கள். பத்து விழுக்காடு வரை விட்டுக்கொடுப்பு வைத்தார்கள். காற்றை நம்பிப் பிழைப்பவருக்கு இது நியாயமான ஏற்பாடு. இப்போது பாருங்கள்: பூலிங் நிலையத்தில் தயார்நிலைத் திறன் 50 மெகாவாட், ஷெட்யூல் 35. அந்த 10 மெகாவாட் ஃபீடர் நின்றதால் உற்பத்தி 28 ஆகிவிட்டது. பிழை 7. ஐம்பதில் ஏழு, 14 விழுக்காடு. விட்டுக்கொடுப்பைத் தாண்டிவிட்டது, கட்டணம் விழும். தயார்நிலையை 40 என்று குறைத்து, ஷெட்யூலைத் திருத்த மறந்தால் இன்னும் மோசம்: 17.5 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துத் திருத்தியிருந்தால் பிழை பூஜ்யம். காற்றும் இயந்திரமும் மாறவில்லை. ஒரு தகவல் உரிய நேரத்தில் போய்ச் சேராததற்கு மட்டும் அபராதம். அப்படியே சேர்ந்தாலும், திருத்திய ஷெட்யூல் சில பிளாக் கழித்துத்தான் செல்லுபடியாகும். அந்த இடைவெளி நஷ்டம் உங்களுடையது.

ஆகவே திருத்தத்தில் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஃபீடர் அளவில் கொடுக்கும் ஒவ்வொரு எல்.சி.யும், ஒவ்வொரு ட்ரிப்பும் மின்னணுப் பதிவாக வேண்டும். அது பதிவானதும் அந்த ஃபீடரில் உள்ள இயந்திரங்களின் தயார்நிலையும் ஷெட்யூலும் தானாகவே, நிறுத்தம் தொடங்கிய பிளாக்கிலிருந்தே திருத்தப்பட வேண்டும். பிரேக்கர் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்ல விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கொள்கையும் புதிதல்ல. தொகுப்பின் கோளாறால் உற்பத்தியாளர் நின்றால் அவரது ஷெட்யூல் திருத்தப்பட்டதாகக் கொள்ளும் வழக்கம் மாநிலங்களுக்கு இடையிலான மின்பரிமாற்றத்தில் பழையது. அதை முப்பந்தல் ஃபீடர் வரை இறக்கினால் போதும்.

அடுத்தது நிறுத்தத்தின் வகை. இன்று திட்டமிட்டது, திடீர்ப் பழுது என்று இரண்டு பெட்டிகள். நடைமுறையில் இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய இருட்டுப் பகுதி இருக்கிறது. முன்பே தெரிந்த வேலையை இரண்டு நாளைக்கு முன் சொல்லி “அவசரம்” என்று எழுதுவது அதில் ஒன்று. ஆண்டுத் திட்டத்தில் இல்லாத, குறிப்பிட்ட முன்னறிவிப்பும் இல்லாத எந்த நிறுத்தமும் பணக்கணக்கில் திடீர் நிறுத்தமாகவே கொள்ளப்பட வேண்டும். மே 15 முதல் செப்டம்பர் 30 வரை காற்றாலை ஃபீடர்களில் திட்டமிட்ட பராமரிப்புக்கு இடமே இருக்கக் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால், இழந்த யூனிட்டுக்கு நிறுத்தம் கேட்டவர் ஈடு கொடுக்க வேண்டும். இது உலகத்தில் இல்லாத கோரிக்கை அல்ல. பிலிப்பைன்ஸில் கோடைக் காலாண்டான ஏப்ரல் முதல் ஜூன் வரை, நீர்மின் நிலையங்கள் நீங்கலாக, திட்டமிட்ட பராமரிப்பு நிறுத்தம் கூடாது என்று அந்நாட்டு எரிசக்தித் துறை 2020இல் உத்தரவிட்டது. அவர்களுக்குக் கோடை எப்படியோ, நமக்கு ஆனி ஆடி அப்படி.

இந்த விதி காற்றாலைக்காரர்களையும் கட்ட வேண்டும். நம்மவர்களில் சிலர் சீசன் தொடங்கிய பிறகுதான் கியர் பாக்ஸைத் திறப்பார்கள். பழைய 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் தயார்நிலையை யாரும் தினமும் அறிவிப்பதில்லை, ஓடாத இயந்திரத்தையும் ஓடுவதாகக் கணக்கில் வைத்திருப்பார்கள். தயார்நிலைத் திறனைப் பெரிதாகக் காட்டினால் வகுக்கும் எண் பெரிதாகி பிழை விழுக்காடு சின்னதாகத் தெரியும். அது ஏமாற்று. எல்.டி. சென்டரிடம் நேர்மையைக் கேட்கிறவர் தன் இயந்திரத்தைப் பற்றி முதலில் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பேக்டவுன் பற்றியும் ஒரு வார்த்தை. லைன் நன்றாக இருக்கும்போதே உற்பத்தியைக் குறைக்கச் சொல்வது அது. தொகுப்பின் பாதுகாப்புக்காக என்றால் ஏற்கத்தான் வேண்டும். விலை மலிவான மின்சாரம் வேறு இடத்தில் கிடைக்கிறது என்பதற்காக என்றால் கூடாது. தமிழ்நாட்டுச் சூரியமின் உற்பத்தியாளர்கள் தொடர்பான வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் இந்த வித்தியாசத்தை அழுத்தமாகச் சொல்லி, பாதுகாப்புக் காரணம் இல்லாத குறைப்புக்கு ஒப்பந்த விலையில் 75 விழுக்காடு ஈடு தரச் சொன்னது. அந்த வழக்கு நின்றதே பிளாக் வாரியான பதிவுகளின் மேல்தான். ஒவ்வொரு குறைப்புக் கட்டளைக்கும் நேரம், அளவு, காரணம் மூன்றும் அன்றைக்கே பொதுவில் வெளியாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

பணம் தீரும் வேகம் அடுத்தது. மாநிலங்களுக்கு இடையிலான விலகல் கணக்கு வாரந்தோறும் வெளியாகிறது, சில நாட்களில் கட்ட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 0.04 விழுக்காடு கூடும். மாநிலத்துக்குள் அந்த ஒழுங்கு இல்லை. பல மாதம் கழித்து வரும் பில்லைச் சரிபார்க்கவே முடியாது. அந்த நாளில் எந்த ஃபீடர் நின்றது என்று நினைவிருக்கிறவர் இடமாற்றலாகிப் போயிருப்பார். ஆஸ்திரேலியா 2021 அக்டோபரில் கணக்குப் போடும் பிளாக்கை அரை மணியிலிருந்து ஐந்து நிமிடமாகக் குறைத்தது. நம் நாட்டிலும் ஐந்து நிமிட மீட்டர் பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது. நல்லதுதான், ஆனால் பில் வர ஆறு மாதம் ஆகும் இடத்தில் ஐந்து நிமிட அளவீடு கொண்டுவருவது முன்பின் மாறிய வேலை. முதலில் வாரக் கணக்கு. ஆட்சேபிக்க ஒரு மாதம். அதன்பின் இறுதிக் கணக்கு. அதற்குப் பிறகு யாரும் திறக்கக் கூடாது. பணம் வசூலாகாது என்று தயங்குகிறவர்களுக்கு 2022ஐ நினைவூட்டுவேன். தாமதக் கட்டண விதிகள் அந்த ஆண்டு ஜூனில் வந்தன. ஆகஸ்டில் நிலுவை வைத்திருந்த 13 மாநிலங்களின் பகிர்மான நிறுவனங்களுக்கு, தமிழ்நாடு உட்பட, எக்ஸ்சேஞ்சில் வாங்க விற்கத் தடை விழுந்தது. அதன்பின் நிலுவைகள் நகரத் தொடங்கின. கதவு உண்மையிலேயே மூடும் என்று தெரிந்தால்தான் பணம் வருகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன். நிறுத்தத்துக்கு விலை வைத்தால், கம்பத்தில் ஏறியிருப்பவரைச் சீக்கிரம் இறங்கச் சொல்லும் அழுத்தமும் சேர்ந்தே வரும். எல்.சி. கொடுத்த லைனை, வேலை செய்பவர் தன் கையால் திருப்பித் தரும் வரை யாரும் உயிர்ப்பிக்கக் கூடாது என்ற விதியைப் பணம் தொடவே கூடாது. ஆகவே ஈட்டுத்தொகை நிறுத்தம் எந்த நாளில் வைக்கப்பட்டது என்பதன் மேல் மட்டும் விழ வேண்டும். வேலை எத்தனை நிமிடம் கூடுதலாக ஆனது என்பதன் மேல் விழக் கூடாது. கீழ்நிலை ஊழியர் எவரிடமும் அது பிடிக்கப்படவும் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று எடுக்கும் நிறுத்தத்துக்கும் இயற்கைப் பேரிடருக்கும் முழு விலக்கு வேண்டும். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கம்பங்கள் சாய்ந்தன. வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்த ஊழியர்கள் மழையில் நனைந்தபடி நாள்கணக்கில் நின்று இணைப்பு கொடுத்தார்கள். அப்படிப்பட்ட நாட்களை விலகல் கணக்கிலிருந்து முழுதாக எடுத்துவிடுவதே முறை.

செலவு யார் தலையில் விழும் என்று கேட்பீர்கள். மின்வாரிய நிறுவனம் கொடுக்கும் ஈடு கடைசியில் நுகர்வோர் கட்டணத்தில்தான் ஏறும் என்பது உண்மையான ஆட்சேபம். அதற்கு என் பதில்: சீசனில் நிற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பதிலாக யாரோ எங்கோ நிலக்கரி எரிக்கிறார்கள், அல்லது எக்ஸ்சேஞ்சில் வாங்குகிறார்கள். அந்தச் செலவு இப்போதே நம் கட்டணத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு பெயரும் தேதியும் இல்லை என்பதால் யாரும் குறைக்க முயல்வதில்லை. ஈட்டுத்தொகையை ஆணையம் கட்டணத்தில் ஏற்ற அனுமதிக்காமல், பராமரிப்புத் திட்டத்தை மீறியதற்கான சொந்தச் செலவாக வைத்தால் இரண்டு சீசனுக்குள் நாட்கள் மாறிவிடும் என்று நம்புகிறேன்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. உங்கள் மீட்டரின் 15 நிமிடப் பதிவை மாதந்தோறும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபீடர் நின்ற ஒவ்வொரு முறையும் நின்ற நேரம், வந்த நேரம், சொன்ன காரணம் மூன்றையும் அன்றைக்கே உங்கள் கியூ.சி.ஏ.வுக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். தயார்நிலையும் ஷெட்யூலும் திருத்தப்பட்டதா என்று பதில் கேளுங்கள். துணை மின்நிலையப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 2003 மின்சாரச் சட்டப்படி எந்த ஒழுங்குமுறையையும் இறுதி செய்யுமுன் ஆணையம் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டாக வேண்டும். அப்போது “எங்களுக்கு நஷ்டம்” என்று மட்டும் எழுதினால் எடுபடாது. ஒரே ஃபீடரில், ஒரு சீசனில், எந்தெந்த நாள், எத்தனை பிளாக், எத்தனை யூனிட், அதில் விலகல் கட்டணம் எவ்வளவு என்று ஒரு பக்க அட்டவணை வையுங்கள். உங்கள் ஃபீடரில் உள்ள மற்ற உரிமையாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிப்பேர் கோயம்புத்தூர், திருப்பூர் மில்காரர்களாக இருப்பார்கள், அவர்களிடம் கணக்கு வைக்க ஆள் உண்டு. அட்டவணை தயாரானதும் எனக்கும் அனுப்புங்கள், பிளாக் கணக்கை நான் சரிபார்த்துத் தருகிறேன்.